முகாம் கலைந்த மறுநாள்

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில், குறிஞ்சிப்பாடிக்கும் வடலூருக்கும் முன்னால் வருகிறது குள்ளஞ்சாவடி. செம்மண்ணும் முந்திரித் தோப்பும் உள்ள பக்கம். இந்தச் சாலையோரத்தில் ‘இலவச மருத்துவ முகாம்’ என்ற பேனருக்குப் பஞ்சமில்லை. 2004 சுனாமி, 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல், 2015 வெள்ளம் என்று கடலூர் மாவட்டம் அடிபட்ட ஒவ்வொரு முறையும் மருந்துப் பெட்டிகளோடு வண்டிகள் வந்திருக்கின்றன. இயற்கை சும்மா இருந்த ஆண்டுகளிலும் அறக்கட்டளைகள், மருத்துவக் கல்லூரிகள், மதம் சார்ந்த அமைப்புகள் என்று யாராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வகுப்பறையில் மேசை போட்டு, ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்து, சாயங்காலம் கிளம்பிப் போகிறார்கள்.

வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முந்திரி உடைத்துக் கொட்டைப் பாலில் தோல் வெந்து கருத்த கைகளோடு நிற்கிறார்கள். முட்டி வலிக்கிறது, தலை சுற்றுகிறது, இடுப்பு விட்டுப்போகிறது என்கிறார்கள். ரத்தசோகை என்ற சொல்லையும் தன் உடம்பில் அது எத்தனை புள்ளி என்பதையும் ஒருத்தி முதன்முதலாகக் கேட்பது அந்த மேசையின் முன்னால்தான் என்றால் அதை லேசாக எண்ணக்கூடாது. வந்தவர்களின் நல்ல மனதையும் நான் சந்தேகிக்கவில்லை. என் கேள்வி அவர்களுடைய மனதைப் பற்றியது அல்ல. ஒரு நற்செயலை எந்த நாளில் வைத்து அளப்பது? முகாம் நடக்கும் நாளிலா, அது கலைந்த மறுநாளிலா?

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பத்து நாள் வியாதிகள் அல்ல. பதினோராம் நாள் மாத்திரை தீர்ந்துவிடும். அன்றைக்கு அவள் யாரிடம் போவாள்? இதற்குப் பதில் இல்லையென்றால் முகாம் அவளுக்குக் கொடுத்தது மருந்து அல்ல, தன் நோயின் பெயர் மட்டும்தான். பெயர் தெரிந்தபின் மருந்து இல்லாமல் இருப்பது, பெயர் தெரியாமல் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலான துன்பம்.

இன்னொன்று உண்டு. முகாம் மேசையில் சொல்லக்கூடிய வலிகள் இருக்கின்றன, சொல்ல முடியாத வலிகளும் இருக்கின்றன. பின்னால் ஊரே வரிசையில் நிற்கும்போது, மாமியார் பக்கத்தில் இருக்கும்போது, எதிரே இருப்பவர் முகம் தெரியாத ஆணாக இருக்கும்போது வெள்ளைப்படுதலையும் கருப்பை இறங்கியதையும் எந்தப் பெண் பேசுவாள்? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர் ராணி பங் இரண்டு கிராமங்களின் பெண்களைப் பரிசோதித்து, 1989இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார். 92 விழுக்காட்டுப் பெண்களுக்கு ஏதோ ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் அதற்காக ஒருமுறையேனும் பரிசோதிக்கப்பட்டவர்கள் 8 விழுக்காடு மட்டுமே. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் கிடக்கும் மௌனத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உடைக்க முடியாது. பேச்சு வருவதற்கு முன் பழக்கம் வரவேண்டும். பழக்கம் வருவதற்கு ஒருவர் ஊரிலேயே இருக்கவேண்டும்.

முகாமுக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது, தலைக் கணக்கு. எத்தனை பேருக்குப் பார்த்தோம், எத்தனை கண்ணாடி கொடுத்தோம் என்பது மறுநாள் செய்தித்தாளில் வரும். கொடுப்பவர்களுக்குத் தேவைப்படும் கணக்கு அது. அந்தக் கணக்கு தறிகெட்டுப் போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் பார்த்தோம். செயல்படாமல் கிடந்த ஒரு தனியார் மருத்துவமனைக் கட்டடத்தில் கருத்தடை முகாம். ஒரே மருத்துவர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அந்த வாரத்து முகாம்களுக்குப் பிறகு குறைந்தது 13 பெண்கள் இறந்துபோனார்கள். அந்த மருத்துவர் அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான், ஐம்பதாயிரம் அறுவைகள் செய்தவர் என்று மாநில அரசால் பாராட்டப்பட்டிருந்தார். அது தர்ம முகாம் அல்ல, அரசு முகாம். ஆனாலும் எண்ணிக்கையே பெருமை என்ற நினைப்பு இரண்டுக்கும் பொது. 2016 செப்டம்பரில் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கருத்தடை முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தும்படி சொன்னது. அந்தச் சேவையை முகாமில் கொடுக்காமல் நிலையான சுகாதார நிலையங்களில் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

நிலைத்து நிற்கும் தர்மத்துக்கு இந்த மண்ணில் தொலைவில் போய் உதாரணம் தேடவேண்டாம். குள்ளஞ்சாவடியைத் தாண்டினால் வடலூர். 1867இல் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பதைச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அறிவார்கள். வள்ளலார் ஒருநாள் அன்னதானம் செய்துவிட்டுப் போயிருந்தால் அதுவும் புண்ணியம்தான். அவர் செய்தது வேறு. பசி தினமும் வரும், ஆகவே அடுப்பும் தினமும் எரியவேண்டும் என்று கணக்குப் போட்டார். தேவையின் கால அளவும் கொடையின் கால அளவும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே அந்தக் கணக்கு. மருத்துவத்தில் அணையாத அடுப்பு எது? கட்டடமா, கருவியா? இல்லை. கற்றுத் தேர்ந்து ஊரோடு இருக்கிற ஓர் ஆள். பெண்களின் உடம்பைப் பொறுத்தவரை அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பெண்.

இந்தப் பாடத்தைத் தமிழ்நாடு படித்தது நம் பக்கத்துத் திண்டிவனத்தில். 1890களின் தொடக்கம். அமெரிக்க மிஷன் மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர், நோயுற்ற அம்மாவைப் பார்த்துக்கொள்ள அங்கே வந்திருந்தார். மருத்துவம் படிக்காத இளம்பெண். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு சாதி இந்து, அடுத்தடுத்து வந்து பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி ஐடாவை அழைத்தார்கள். அப்பா மருத்துவர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆண் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் வேலூருக்குத் திரும்பினார். 1902இல் மருத்துவமனை எழுந்தது.

இதுவரைக்கும்தான் இந்தக் கதையை நாம் அடிக்கடி கேட்கிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்தது. ஒரு பெண் மருத்துவரின் இரண்டு கை எத்தனை இரவுகளுக்குப் போதும்? 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி. 1947 வரை அங்கே ஆண் மாணவர்கள் இல்லை. தன் கையை நம்பி ஓர் ஊர் இருக்கக்கூடாது என்று முடிவு செய்ததுதான் அவருடைய பெரிய கொடை.

அதே கதையில் உறுத்துகிற இடங்களும் உண்டு. மூன்று கணவர்களும் சாதி, மத அடையாளத்தோடு கதைக்குள் வருகிறார்கள். இறந்த மூன்று பெண்களுக்குப் பெயரே இல்லை. அவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை. ‘ஆண் மருத்துவர் வரலாமா?’ என்ற கேள்விக்கு வலியில் கிடந்தவள் என்ன பதில் சொல்லியிருப்பாள்? பெண் மருத்துவர்கள் வந்ததால் அந்தக் கேள்வி தேவையற்றதாகிவிட்டது. கணவனின் தடையைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி பிறந்தது. தடை மட்டும் அப்படியே இருந்தது. உயிரைக் காப்பாற்றியது அந்தச் சுற்றுவழிதான், அதை மறுக்க முடியாது. ஆனால் பயிற்சி பெற்ற ஒரு பெண் ஊருக்குக் கிடைப்பதும், அந்த ஊர்ப் பெண்களுக்குத் தங்கள் உடம்பின் மேல் சொல் கிடைப்பதும் வேறு வேறு காரியங்கள். முதலாவது நடந்தால் இரண்டாவது தானே நடந்துவிடும் என்று நினைத்துவிடக்கூடாது.

வேலூருக்கு அரை நூற்றாண்டு முன்பே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு முயற்சி நடந்தது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன், உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். நோயாளியின் மொழி தெரியாத மருத்துவரால் பயனில்லை என்று கண்டு, பாடநூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே வகுப்பு நடத்தினார். இன்றைக்கும் நம் கல்லூரிகள் தயங்குகிற காரியத்தை அவர் அன்றே செய்தார். ஆனால் அவரிடம் படித்தவர்கள் ஆண்கள். மொழியின் கதவு திறந்தபோது பெண்களின் கதவு மூடியே இருந்தது. வேலூரில் பெண்களின் கதவு திறந்தது, பாடமோ ஆங்கிலத்தில் நடந்தது. ‘பயிற்சி கொடுக்கிறோம்’ என்று யார் சொன்னாலும் யாருக்கு, எந்த மொழியில் என்று கேட்க இந்த இரண்டு ஊர்களும் கற்றுக்கொடுக்கின்றன.

பயிற்சி தருபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிற இன்னொரு கூட்டமும் உண்டு. மிஷன் வருவதற்கு முன் நம் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். பெரும்பாலும் முடிதிருத்தும் சாதிப் பெண்கள். தீட்டு என்று மற்றவர்கள் ஒதுங்கி நின்ற ரத்தத்தில் கைவைத்தவர்கள் அவர்கள்தான். அதற்குக் கிடைத்தது கொஞ்சம் நெல், ஒரு பழம்புடவை. அது அவர்கள் பிறப்பால் செய்யவேண்டிய ஊழியம் என்று ஊர் சொன்னது. நவீன மருத்துவம் வந்தபோது அவர்களைப் ‘பயிற்சியற்ற தாய்கள்’ என்று பதிவேட்டில் எழுதி ஓரத்தில் நிறுத்தியது. அவர்கள் கையில் ஆபத்தான வழக்கங்களும் இருந்தன, தலைமுறைகளின் அனுபவமும் இருந்தது. பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. பெண் செய்கிற பராமரிப்பு வேலைக்குக் கூலி கேட்கக்கூடாது என்ற நினைப்பு மட்டும் அவர்களோடு போகவில்லை. அது இங்கேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

படிக்காத கிராமத்துப் பெண்ணை நம்பி மருத்துவத்தை ஒப்படைக்க முடியுமா என்ற சந்தேகத்துக்குப் பதில் பல இடங்களில் கிடைத்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட்டில் 1970இல் மருத்துவர்கள் மேபல் அரோளேயும் ரஜினிகாந்த் அரோளேயும் எழுத்தறியாத பெண்களை, அவர்களில் பல தலித் பெண்களை, கிராம சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். கட்சிரோலியில் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் வீடுவீடாகப் போய்ப் பச்சிளம் குழந்தைகளைக் கவனித்ததால் அந்தக் குழந்தைகளின் இறப்பு 62 விழுக்காடு குறைந்தது. 1999இல் வெளிவந்த முடிவு இது. தமிழ்நாட்டில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் லலிதாவும் ரெஜி ஜார்ஜும் 1993இல் ஒரு குடிசையில் தொடங்கினார்கள். மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கவும் அறுவையில் உதவவும் கற்றுக்கொடுத்தார்கள். வெளியிலிருந்து செவிலியர்களைக் கூட்டி வந்திருந்தால் சில மாதங்களில் அவர்கள் மலையிறங்கிப் போயிருக்கக்கூடும். உள்ளூர்ப் பெண் எங்கே போவாள்? அவளுடைய வீடு அங்கேதான். அவள் பேசுவது நோயாளியின் பேச்சு, நோயாளியின் வெட்கம் அவளுடைய வெட்கமும்தான்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். நகரத்துப் பணக்காரிக்குச் சிறப்பு மருத்துவர், மலையில் இருப்பவளுக்குச் சில மாதம் படித்த பக்கத்து வீட்டுப் பெண் என்றால் அது ஏழைக்கு ஏழை மருத்துவம் இல்லையா? தனியாக விட்டால் அப்படித்தான். அவளுக்குப் பின்னால் மருந்தும் ஆம்புலன்ஸும் அவள் கைகாட்டினால் ஏற்றுக்கொள்கிற மருத்துவமனையும் இருந்தால் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அங்கே இருப்பவரைத்தான் ஊர் ‘நர்சம்மா’ என்று கூப்பிடுகிறது. யார் கர்ப்பமாக இருக்கிறாள், யாருக்கு ரத்தம் குறைவு, யாருக்கு முதல் பிரசவம் அறுவை என்பதெல்லாம் அவர் பதிவேட்டில் இருக்கும். 2018–20 கணக்கின்படி இந்தியாவில் ஒரு லட்சம் பிறப்புக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அந்தப் பதிவேடும், அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்கும் பெண்ணும், அவர் அனுப்பினால் திறக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக் கதவும் அவற்றில் முக்கியமானவை. எந்த முகாமும் இதைச் செய்திருக்க முடியாது.

ஆக, வந்து போவதைவிடக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவது மேல். இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கற்றுக்கொண்டவளின் கையில் மாதக் கடைசியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

2005இல் தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தோடு ‘ஆஷா’ பணியாளர்கள் வந்தார்கள். இன்று நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கு மேல். அத்தனை பேரும் பெண்கள். அரசின் கண்ணில் அவர்கள் ஊழியர்கள் அல்லர், தன்னார்வலர்கள். அவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. விருதில் அரிசி வாங்க முடியாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம். பதினோராம் நாள் மாத்திரைக்கு அது ஒரு பதில். வீட்டு வாசலுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிற அந்தப் பெண்ணின் பதவிப் பெயர் ‘பெண் சுகாதாரத் தன்னார்வலர்’. நிரந்தரச் செவிலியர் வேலைக்குத் தகுதித் தேர்வு எழுதி வந்தவர்கள் நிலை என்ன? 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தச் செவிலியர்கள் சென்னையில் திரண்டு உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவர்களுடைய மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய்.

இந்தச் சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: ஊழியம், சேவை, தன்னார்வம், ஊக்கத்தொகை, தொகுப்பூதியம். மருத்துவச்சிக்குக் கொடுத்த பழம்புடவைதான் காலத்துக்கு ஏற்றபடி பெயர் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. பெண்ணுக்குப் பராமரிப்பது இயல்பு, இயல்பாகச் செய்வதற்கு எதற்குக் கூலி என்கிற அதே வாதம். சம்பளம் கேட்டால் சேவை மனப்பான்மை போய்விட்டது என்கிறார்கள். அறுவை மருத்துவரிடம் இதை யாரும் சொல்வதில்லை. அவர் சம்பளம் வாங்கினாலும் தொண்டர்தான். செவிலியர் சம்பளம் கேட்டால் மட்டும் சேவை கெட்டுப்போகிறது.

தர்ம மருத்துவத்தின் உண்மையான கொடையாளி யார் என்று இப்போது கேட்கலாம். வண்டியில் வந்த மருத்துவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார், அறக்கட்டளை மருந்துக்குப் பணம் கொடுத்தது. இரண்டும் கணக்கில் வந்தன, இரண்டுக்கும் பேனர் இருக்கிறது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண், கிடைக்கவேண்டிய கூலிக்கும் கிடைக்கிற தொகைக்கும் நடுவில் உள்ளதை மாதாமாதம் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். அவளிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை, அவள் மனமுவந்து கொடுக்கவும் இல்லை. மனமுவந்து கொடுப்பதைத்தான் தர்மம் என்கிறோம். கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கு வேறு பெயர் உண்டு.

நல்ல மனதோடு வருகிறவர்கள் வரட்டும். வெள்ளம் வந்தால் முகாமும் வேண்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் வாங்கிக்கொள்கிறவர்கள் கேள்வி கேட்கக்கூடாது என்பது தர்மத்தின் சட்டம் அல்ல, கொடுப்பவரின் வசதி. மகளிர் குழுக் கூட்டத்திலும் கிராம சபையிலும் நாம் கேட்கலாம். நீங்கள் போனபின் இங்கே யார் இருப்பார்? எங்கள் ஊர் நர்சம்மாவுக்குத் தெரியப்படுத்தினீர்களா, யாருக்கு என்ன நோய் என்ற பட்டியலை அவரிடம் ஒப்படைப்பீர்களா? எங்கள் பெண்களில் யாருக்காவது எதையாவது கற்றுக்கொடுப்பீர்களா, தமிழில்? கற்றுக்கொண்டவளுக்குச் சம்பளம் யார் தருவார், எத்தனை ஆண்டுக்கு? அவள் ‘இது சரியில்லை’ என்று சொன்னால் உங்கள் மருத்துவர் காதுகொடுத்துக் கேட்பாரா?

மருத்துவமோ செவிலியமோ சமூகப்பணியோ படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரி அடுத்த முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது அறிக்கையில் எத்தனை பேரைப் பார்த்தோம் என்று எழுதச் சொல்வார்கள். எழுதுங்கள். அதன் கீழே, நாளைக்கு அவர்களைப் பார்க்கப்போகும் பெண்ணின் பதவி என்ன, அவருக்கு மாதம் எவ்வளவு கிடைக்கிறது, அது எத்தனை மாதமாகப் பாக்கி என்பதையும் கேட்டு எழுதுங்கள். அந்த வரிகளுக்குப் படிவத்தில் இடம் இருக்காது. ஓரத்தில் எழுதுங்கள்.